காயாத கம்பளிச் சட்டை

கடலோர ஊரான ஸ்கார்விக்கில் செத்தவர்களின் சாமான் எங்கே போகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது சர்ச் தெருவுக்கு வரும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வரும். சில நாள் கடை திறக்கும் முன்பே வந்து வாசற்படியில் குந்தியிருக்கும். அந்தத் தெருவில் மூன்று தருமக் கடைகள். ஜனங்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போவதை விற்று, வருகிற காசை ஒரு கடை பூனைகளுக்கு அனுப்பும், ஒரு கடை இருதய நோயாளிகளுக்கு அனுப்பும், ஒரு கடை கடலில் ஆளைத் தூக்கப் போகும் மீட்புப் படகுக்கு அனுப்பும். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊருக்கு அவை பூனைக்கடை, இருதயக்கடை, படகுக்கடை. அவ்வளவுதான்.

தோரா கார்பட் படகுக்கடையில் மட்டும் காலெடுத்து வைக்க மாட்டாள். அந்தப் படகு ஒரு ஜனவரியில் அவள் புருஷனைத் தேடிப் போய், வெறுமையாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக அவள் அந்தப் படகோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.

மற்ற இரண்டு கடைகளிலும் அவள் கை படாத சாமான் கிடையாது. எதை எடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பாள். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி நிற்கும் மெழுகுவர்த்தித் தண்டாக இருந்தாலும் சரி, யாரோ பாட்டன் போட்ட கோட்டாக இருந்தாலும் சரி, மூக்குக்குப் போகாமல் பைக்குப் போகாது. மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள்: இது படுக்கையில் கிடந்து செத்தவர் வீட்டுச் சாமான், இது தனியாக இருந்தவர் வீட்டுச் சாமான், இது சண்டை போட்டுப் பங்கு பிரித்த வீட்டுச் சாமான். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு நாள் கொல்லைக் கொட்டகையில்தான் அதற்கு இடம். "வந்த களைப்பு போகட்டும்" என்பாள். அப்புறம்தான் வேலை. தேநீர்க் கறை பட்ட மேசைவிரிப்பை எலுமிச்சை பிழிந்து வெயிலில் போடுவாள். துருவேறிய தையல் மெஷினை எண்ணெயில் ஊறவைத்து, பல் பல்லாகத் துடைத்து, மறுபடி ஓட வைப்பாள். பொம்மைக்குக் கண் வைப்பாள். பூச்சி அரித்த கம்பளித் துணியில் ஓட்டை இருந்த இடமே தெரியாமல் இழை கோப்பாள். சரிசெய்ததில் பாதியைத் திரும்ப அதே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். மீதிப் பாதி அவள் வீட்டில் இருக்கும். கொடுக்க மனசு வராத சாமான்கள் அவை.

நவம்பர் மாதம், கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவை விழுங்கிய ஒரு காலை. எதிர் வீட்டுக் கதவு தெரியவில்லை. துறைமுகத்துச் சங்கு மட்டும் பசுமாடு கத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கத்திக்கொண்டிருந்தது. தோரா சுவரைத் தடவிக்கொண்டே பூனைக்கடைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கடையைப் பார்த்துக்கொள்கிற கிளெனிஸ் புல்லன் அவளைப் பின்கட்டுக்கு இழுத்தாள்.

"தோரா, இங்க வா. இத என்னன்னு நீயே பாத்துச் சொல்லு."

"என்ன, மறுபடியும் எவரோட பல்செட்டாவது வந்திருக்கா?"

"பல்செட்டா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். இது காயவே மாட்டேங்குது."

கொக்கியில் ஒரு கருநீலக் கம்பளிச் சட்டை தொங்கிற்று. மீனவர்கள் போடுவது. கழுத்தை ஒட்டி, உடம்பை இறுக்கி, காற்றுக்கூட நுழையாதபடி கெட்டியாகப் பின்னியிருக்கும். இந்தக் கரையில் அதற்குக் கான்சி என்று பேர். பக்கத்தில் நீராவிக் குழாய் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. கடைக்கு வருகிற துணியை எல்லாம் அதைக் காட்டித்தான் சுருக்கம் எடுத்து வெளியே மாட்டுவார்கள்.

"நாலு தடவ காட்டிட்டேன். மேல எல்லாம் மொறுமொறுன்னு ஆயிடுது. அடியில தொட்டுப் பாரு. அது மட்டும் ஈரம். போன வாரம் அந்த பேங்க்குப் பையன் போட்டுப் பாத்தான். போட்ட வேகத்துல கழட்டினான். யாரோ பிடரியில ஊதின மாதிரி இருக்குன்னான். அப்புறம் மீன்கடைக்காரர். அவரும் அதையே சொன்னாரு. நான் அவருகிட்ட பேங்க்குப் பையன் கதைய சொல்லவே இல்ல தோரா, சத்தியமா."

"எல்லாம் உன் கூரை ஒழுகறதுதான்."

"கூரை ஒழுகுதுன்னா உப்பா ஒழுகும்?"

தோரா அடிப்பட்டியைத் தொட்டாள். விரலை நாக்கில் வைத்தாள். அப்புறம் சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து, சன்னல் பக்கம் கொண்டுபோய் நெஞ்சுப் பக்கத்தை விரித்தாள்.

நடுவில் ஏணி. இரண்டு பக்கமும் கயிறு கயிறாக முறுக்கிய பின்னல். ஓரத்தில் மேலும் கீழும் போகிற நெளிகோடு. அதற்குக் கல்யாணக் கோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் இந்தக் கரைப் பெண்கள், ஏன் என்று கல்யாணம் ஆனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பட்டிக்கு மேலே, போடுகிறவன் பேரின் முதலெழுத்தாக, டபிள்யூ, ஜி என்று இரண்டு எழுத்து. இதெல்லாம் யார் சட்டையிலும் இருக்கும். ஆனால் இடது பக்கத்துக் கயிறு ஓரிடத்தில், ஒரே ஒரு முறுக்கு, எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

அந்த முறுக்கைப் போட்டவள் தோரா. கல்யாணமான முதல் வருஷம், புருஷன் வில்ஃபோடு முதல் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே பின்னிக்கொண்டிருந்தாள். கை தடம் மாறிவிட்டது. பிரித்துப் போடு என்றாள் மாமியார். "பிரிக்க மாட்டேன். அவர் பேசின பேச்சுக்கு அது நெஞ்சு மேல இருக்கட்டும்" என்று அப்படியே பின்னி முடித்தாள். அந்தச் சட்டையோடுதான் வில்ஃப் கடைசியாகப் படகேறினான்.

"தோரா? என்னாச்சு? உக்காரு கண்ணு. மூஞ்சி என்ன இப்படி வெளுத்துப் போச்சு?"

"இத யாரு கொண்டாந்தது?"

"நாங்க கேக்கறதில்லையே. ஒரு பொம்பள. செவப்புக் கார். ஆம்பள ஷூ, தொப்பி, ரெண்டு கோட்டு, அதோட இதுவும். மீதிய வியாழக்கிழமை கொண்டு வரேன்னுட்டுப் போனா."

தோரா சட்டையைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்து, காசை மேசையில் வைத்தாள். கிளெனிஸ் வேண்டாம் என்று தள்ளினாள். "பூனைங்க என்னத்தத் தின்னும்?" என்று கேட்டுவிட்டுத் தோரா பனிக்குள் இறங்கிப் போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் புருஷன் கடலில் இருக்கும்போது அவன் துணியைப் பெண்சாதி தோய்க்க மாட்டாள். தோய்த்தால் அவனையே கடலில் அலசி விட்டதாகும். அவன் கரையேறின பிறகுதான் தொட்டியில் தண்ணீர் விழும். வில்ஃபின் படகு உடைந்த அந்த ஜனவரியில் நாலு பேர் போனார்கள். மூன்று பேர் கரை ஒதுங்கினார்கள். முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத நிலை. கான்சியைப் பார்த்துத்தான், எழுத்தைப் பார்த்துத்தான், இவன் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். வில்ஃப் வரவில்லை. பாதிரியார் வந்து பேசினார். மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் வந்து பேசினார்கள். தோரா கறுப்பு உடுத்தவில்லை. "கரையேறலன்னா கடல்ல இருக்கான்னுதானே அர்த்தம்? செத்தான்னு சொல்றவங்க காட்டுங்க" என்றாள். அவன் மற்றச் சட்டைகள், காலுறைகள், தலையணை உறை எல்லாம் தோய்க்காமலே டிரங்குப் பெட்டியில் கிடந்தன. திங்கட்கிழமை ஊர் முழுக்கக் கொடியில் துணி ஆடும். தோரா வீட்டுக் கொடியில் ஒற்றை ஆள் துணிதான் ஆடும்.

இந்தச் சட்டையை அவள் கொட்டகைக்குக் கொண்டுபோகவில்லை. நேரே சமையலறைக்குக் கொண்டுபோனாள். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியின் முதுகில் மாட்டினாள். கையிரண்டும் பின்னால் தொங்க, கழுத்து காலியாக, அது உட்கார்ந்திருந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், நாற்காலிக்கடியில் தரையில் ஈர வட்டம். ஒரு மனுஷன் மழையில் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு ஈரம் இருக்குமோ அவ்வளவு.

உப்பு ஊறின கம்பளி பனிக்காலத்தில் ஈரம் உறிஞ்சும். இது தோராவுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைத் தனக்கே ஒரு தடவை உரக்கச் சொல்லிக்கொண்டாள். சங்கு பதில் சொன்னது.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழுது பார்க்கிறவள் பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். தோளில் பூச்சி. பக்கவாட்டில் கிழிசல். அதெல்லாம் சரிசெய்துவிடலாம். கையைத் திருப்பினாள். மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். அங்கே அவள் கை நின்றுவிட்டது.

பட்டை இரண்டும் அவள் பின்னியது இல்லை. கான்சியின் கையைத் தோளிலிருந்து கீழே பின்னிக்கொண்டு வருவார்கள். மணிக்கட்டுத் தேய்ந்தால் அந்தப் பட்டையை மட்டும் பிரித்துவிட்டுப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். யாரோ பின்னியிருக்கிறாள். ஒரு தடவை அல்ல. புதுப் பட்டைக்கு மேலே இன்னொரு நிறத்து இழை நாலு வரிசை நிற்கிறது, அது அதற்கும் முந்தின பட்டையின் மிச்சம். தளர்வான கை. கண்ணி ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். நல்ல பொறுமைசாலியின் கை.

பக்கத்து வீட்டு மேவிஸ் டாபி பால் புட்டியோடு உள்ளே வந்தபோது தோரா அந்தக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எவனோட கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?" என்றாள் மேவிஸ்.

"வில்ஃபோடது."

மேவிஸ் புட்டியைக் கீழே வைத்தாள். சட்டையைப் பார்த்தாள். முறுக்கைப் பார்த்தாள். அந்த முறுக்குக் கதை தெருவுக்கே தெரியும்.

"அய்யோ என் தெய்வமே."

"தெய்வம் கிடக்கட்டும். இத பாரு. கைப்பட்ட யாருக்குத் தேயும்? சொல்லு. கடலடியில கெடக்கறவனுக்குத் தேயுமா? உசுரோட இருக்கறவனுக்குத்தான் தேயும். வேல செய்யறவனுக்குத்தான் தேயும். ரெண்டு தடவ தேஞ்சிருக்கு மேவிஸ். ரெண்டு தடவ எவளோ உக்காந்து பின்னிக் குடுத்திருக்கா."

"அவசரப்படாத. வேற எப்படியாவது..."

"வேற எப்படி? நான் இங்க நாப்பது வருஷமா அவன் தலகாணி உறையக்கூட தோய்க்காம வெச்சிருக்கேன். அவன் எவ வீட்டுலயோ உக்காந்து முட்டையும் பன்னிக்கறியும் தின்னுக்கிட்டு இருந்திருக்கான்!"

"அந்தக் கறி பேர இந்த வீட்டுல சொல்லாத, படகு கவுந்துடும்னு நீதானே என்ன திட்டுவ?"

"கவுற வேண்டிய படகு கவுந்தாச்சு. இல்ல, கவுறவே இல்ல. அதத்தான் சொல்றேன்."

மேவிஸ் போன பிறகு தோரா கத்தரிக்கோலை எடுத்தாள். வலது கைப்பட்டையின் முடிச்சை வெட்டி இழுத்தாள். கம்பளி கரகரவென்று பிரிந்து வந்தது. மற்றவள் பின்னிய ஒவ்வொரு கண்ணியும் அவிழும்போது தோராவுக்கு நெஞ்சில் ஒரு சுகம். சுற்றச் சுற்ற உருண்டை கனத்தது. நனைந்த கம்பளி அல்லவா என்று நினைத்தாள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்து முழங்கை வரை போயிற்று. அது குளிர்ந்த தண்ணீர். அடுப்பெரிகிற சமையலறையில் அவ்வளவு குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தோராவுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. ஒரு பட்டையோடு நிறுத்திக்கொண்டாள். விரல் விறைத்துவிட்டது.

மறுநாள் காலை அவள் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, கொல்லையில் கரி எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது சட்டையின் வலது கை, நேற்றுப் பின்னால் தொங்கினது, மேசைமேல் கிடந்தது. பட்டை இல்லாத நுனி கோப்பையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்றுத்தான், கொல்லைக் கதவைத் திறந்து போட்டது அவள்தான். உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். தேநீர் உப்புக் கரித்தது.

அவள் பயந்தாளா என்றால், பயந்தாள். ஆனால் பயத்தை விடக் கோபம் பெரிதாக இருந்தது.

"இங்க வந்து உக்கார ஒனக்கு என்ன உரிமை இருக்கு?" என்றாள் நாற்காலியைப் பார்த்து. "டீ வேணும்னா அவகிட்டப் போய்க் கேளு. எந்த ஊர்ல இருந்தே? ஒரு வார்த்த சொல்லி அனுப்பிச்சிருக்கக் கூடாதா? நான் என்ன, வந்து முடியப் புடிச்சா இழுத்திருப்பேன்?" கொஞ்சம் யோசித்து, "இழுத்திருப்பேன்தான்" என்றாள்.

சட்டை சும்மா இருந்தது. அடியில் ஈர வட்டம் மட்டும் விடிந்ததிலிருந்து நாற்காலிக்கடியைத் தாண்டி அவள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தான் புருஷனைப் பறிகொடுத்தவளா, புருஷன் விட்டுவிட்டுப் போனவளா? இரண்டில் ஒன்று தெரிய வேண்டும். நாற்பது வருஷம் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பேர் என்ன என்று தெரியாமல் சாவதற்கு அவள் தயாராக இல்லை.

வியாழக்கிழமை கடை திறக்கும்போதே போய்ப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். பனி அன்றும் விலகவில்லை. கிளெனிஸ் பிஸ்கட் கொடுத்தாள், தோரா தொடவில்லை. மதியத்துக்கு மேல் வாசலில் சிவப்பு நிறம் ஒன்று பனிக்குள் வந்து நின்றது.

நாற்பது வயதுப் பெண். இரண்டு கையிலும் கறுப்புப் பை. பேர் ஹெதர் லீதம். தெற்கே கரையோரமாக இருக்கும் கில்சே கிராமத்துக்காரி. தோரா எழுந்து போய் அவள் எதிரே நின்று, அந்த முகத்தில் வில்ஃபின் மூக்கைத் தேடினாள். வில்ஃபின் காதைத் தேடினாள்.

"என்னம்மா?" என்றாள் ஹெதர், ஒரு அடி பின்னால் போய்.

"உங்கப்பா செத்துட்டாரா?"

"ஆமா... மூணு வாரம் ஆச்சு. நீங்க...?"

"ஆளு எப்படி இருப்பாரு? குள்ளமா, கறுத்த முடியா?"

"இல்லையே. வாசல்ல குனிஞ்சுதான் நுழைவாரு. முடி செவப்பு. ஊர்ல செவத்த சேத்ன்னுதான் கூப்பிடுவாங்க. ஏன் கேக்கறீங்க?"

"எந்த ஊர்க்காரரு?"

"கில்சேதான். எங்க தாத்தா, அவரோட அப்பா, எல்லாரும் அங்கயேதான்."

தோரா உட்கார இடம் தேடினாள். கிளெனிஸ் நாற்காலியைத் தள்ளினாள்.

"அந்தக் கான்சி," என்றாள் தோரா. "அத நான் பின்னினேன். எம் புருஷனுக்கு. அது உங்கப்பாகிட்ட எப்படி வந்துச்சு?"

ஹெதர் பைகளைக் கீழே வைத்தாள். துணிக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மிசஸ்... உங்க பேர் எனக்குத் தெரியல."

"கார்பட்."

"மிசஸ் கார்பட், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். நான் அப்ப கைக்குழந்த. அப்பாவுக்கு வேல இல்லாத காலம். புயல் அடிச்ச மறுநாள் கடலடியில இருக்கற நிலக்கரி கரையில ஒதுங்கும், அதப் பொறுக்கப் போவாரு. ஒரு ஜனவரியில கரியோட இதையும் கொண்டாந்தாராம். எங்கதுன்னு அம்மா கேட்டதுக்கு, கடல் குடுத்துச்சுன்னாராம். அப்புறம் குளிர்காலம் பூரா அதத்தான் போடுவாரு. பட்ட தேஞ்சா அம்மா பின்னிப் போடுவா. ஆனா வெயில் காயற நாள்ல போட்டுக்கிட்டுப் போனாக்கூட, நனைஞ்சுதான் வருவாரு. தோய்க்கறேன்னு அம்மா எடுத்தா, வீடே அதிரக் கத்துவாரு. ஏன்னு ஒருநாளும் சொல்லல."

"இப்ப எதுக்குக் குடுத்த?"

ஹெதர் கிளெனிஸைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கடைசி வாரம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதத் திருப்பிக் குடுத்துடு, அவன் வாசல்ல நிக்கறான்னாரு. எவன்ப்பான்னேன். குளிருதுங்கறான், உள்ள வர மாட்டேங்கறான், அவன் சட்டையக் குடுத்துடுன்னாரு. நான் போய்ப் பாத்தேன் மிசஸ் கார்பட். யாரும் இல்ல. படி மட்டும் நனைஞ்சிருந்துச்சு." அவள் கையைத் தேய்த்துக்கொண்டாள். "யாருக்குன்னு குடுக்கறது? எங்க பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனேன், பூட்டியிருந்துச்சு. அடுத்த ஊர்ல பை வாங்கறதில்லன்னு அட்டை தொங்குச்சு. அப்படியே ஓட்டிக்கிட்டே வந்தேன். இவ்வளவு தூரம் ஏன் வந்தேன்னு எனக்கே தெரியல."

நீராவிக் குழாய் மட்டும் மூச்சு விட்டது.

"அந்த ஜனவரியில," என்றாள் தோரா, "உங்க கரையில யாராவது ஒதுங்கினாங்களா?"

ஹெதரின் முகம் மெதுவாக மாறிற்று. கேட்ட கதை ஒன்றும் பார்த்த சட்டை ஒன்றும் அவள் தலைக்குள் அன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

"ஒருத்தரு ஒதுங்கினாரு," என்றாள். "வெறும் உள்பனியனோட. ஜனவரில எவன் உள்பனியனோட கடலுக்குப் போவான்னு ஊரே பேசிக்கிட்டாங்களாம். பேர் சொல்ல ஒண்ணும் இல்ல. எங்க சர்ச்சு மதிலோரம் அடக்கம் பண்ணினாங்க. எங்கம்மா..." அவள் நிறுத்தினாள். "எங்கம்மா வருஷா வருஷம் அந்தக் கல்லுல பூ வெப்பா. தெரியாத ஆளுக்கு எதுக்கும்மான்னு கேட்டா, யாராவது வெக்கணுமில்லன்னுவா."

கிளெனிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கப்பா கெட்டவர் இல்ல, மிசஸ் கார்பட். குளிர்ல... வீட்டுல கைக்குழந்த... செத்தவருக்கு எதுக்குன்னு நெனச்சிருப்பாரு. அது அந்தச் செத்தவர் பேரையே உருவறதுன்னு அவருக்கு..."

"தெரியும்," என்றாள் தோரா. "கரையில பொறந்தவனுக்கு அது தெரியாம இருக்காது. தெரிஞ்சுதான் எடுத்தான். அப்புறம் நாப்பது வருஷம் ஈரத்தோட போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். அதுக்கு மேல நான் என்ன பண்றது அவன?" எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "கார்ல எடம் இருக்கா? போற வழில எங்க வீட்டுல ஒரு நிமிஷம் நிறுத்து. அத எடுத்துக்கணும்."

கில்சே சர்ச்சில் பனி இன்னும் கனம். மதில் இருப்பதே கையால் தொட்டால்தான் தெரிந்தது. ஹெதர் முன்னால் நடந்தாள். தோரா சட்டையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். மதிலோரம் ஒரு சின்னக் கல். கடல் தந்தவர் என்று மட்டும் வெட்டியிருந்தது. பழைய ஜாம் புட்டி ஒன்றில் காய்ந்த தண்டுகள்.

ஹெதர் தள்ளிப் போய் நின்றாள். ஆனாலும் காதில் விழுந்தது. பனியில் எல்லாம் காதில் விழும்.

"இங்கயா இருக்க?" என்றாள் தோரா. "பஸ்ஸுல வந்தா ரெண்டு மணி நேரங்கூட ஆகாது. இங்கயா இருந்த இத்தன வருஷம்?" மூக்கை உறிஞ்சினாள். "நான் ஒன்ன சந்தேகப்பட்டேன் வில்ஃப். ஒரு வாரம் முழுசா இல்ல. நாப்பது வருஷத்துல அது ஒண்ணும் பெருசில்ல, பொறுத்துக்கோ. கன்னாபின்னான்னு பேசிட்டேன். நீயும் அன்னிக்குப் பேசினே, மறந்துடாத." ஜாம் புட்டியிலிருந்த காய்ந்த தண்டுகளை எடுத்துப் போட்டாள். கடைசியில், "எழுந்திரு. போலாம்" என்றாள்.

திரும்பும்போது ஹெதர் அடிக்கடி பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு தடவை பிரேக்கை மிதித்துவிட்டாள். சட்டை தோராவின் மடியில்தான் இருந்தது. ஆனால் பின் இருக்கையில், நடுவில், துணி கறுத்து நனைந்திருந்தது. வரும்போது அது காய்ந்திருந்தது. சன்னல்களில் உள்பக்கம் ஆவி படிந்தது. முன்னால் இருந்த இரண்டு பேர் மூச்சுக்கு அது அதிகம்.

"மிசஸ் கார்பட்," என்றாள் ஹெதர்.

"ரோட்டப் பாத்து ஓட்டு கண்ணு. மெதுவாப் போ. மூணு பேரு இருக்கோம்."

சனிக்கிழமை தோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிரித்துப் போட்ட கம்பளி உருண்டையை எடுத்தாள். புதுக் கம்பளி பெட்டி நிறைய இருந்தது, அதைத் தொடவில்லை. சேத்தின் பெண்சாதி வாங்கிய அதே இழையில், வலது கைப்பட்டையைத் திரும்பப் பின்னினாள். தன் கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள், இடது கைப்பட்டைக்கு இணையாக இருக்கட்டும் என்று. தோளில் இழை கோத்தாள். கிழிசலை மூடினாள். எதிர்ப்பக்கம் திரும்பிய முறுக்கைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊசி எடுக்கக் கூடாது, எடுக்கவில்லை.

திங்கட்கிழமை தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்துச் சட்டையை அமுக்கினாள். கரையேறினவன் துணியைத் தோய்க்க அவளுக்கு இப்போது தடை இல்லை. தண்ணீர் கறுத்தது. கொட்டினாள். தொட்டியடியில் மணல். மறுபடி பிடித்தாள், மறுபடி மணல். கடலோரத்துக் கருமணல், சிப்பித் தூள், கரித் துணுக்கு. நாற்பது வருஷம் ஒருவன் உடம்பில் போட்டு உதறின சட்டையில் அவ்வளவு மணல் எங்கே ஒளிந்திருக்கும்? வாளியில் வாரி வாரிக் கொல்லையில் கொட்டினாள். கை ஓய்ந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு தண்ணீர் தெளிவாக நின்றது. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை.

அதோடு டிரங்குப் பெட்டியைத் திறந்து மற்றதையும் எடுத்துப் போட்டாள்.

வெளியே பனி கலைந்து காற்று எழும்பியிருந்தது. கான்சியைக் கொடியில் கவ்வி மாட்ட மாட்டார்கள், உருவம் போய்விடும். துடைப்பக் கழியை இந்தக் கைவழியே விட்டு அந்தக் கைவழியே எடுத்து, கழியைக் கட்டித் தொங்கவிட்டாள். காற்று உள்ளே புகுந்தது. நெஞ்சு புடைத்தது. தோள் நிமிர்ந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அது நின்றது. பக்கத்தில் அவன் காலுறைகள், அவன் தலையணை உறை.

மேவிஸ் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். நீட்டினவள் அப்படியே நின்றாள். கொல்லையில் தோராவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பதாகத்தான் அவளுக்கு முதலில் பட்டது.

"தோரா... யாரு அது, வந்திருக்கறது?"

தோரா திரும்பவில்லை. ஈரக் கையை இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம் புருஷன்தான். கொஞ்சம் காயட்டும், உள்ள கூப்பிட்டுக்கறேன்."